தெற்கு ஜன்னல் வேண்டாம்மா

"அக்கா, தென்னாப்பிரிக்காவுல ஜோகன்னஸ்பர்க், டர்பன், கேப்டவுன் மூணுல எந்த ஆபீஸ் வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு அவர்கிட்ட சொல்லியிருக்காங்க. சம்பளம் ஒண்ணுதான். அவருக்கு வேர்வை ஆகாது, எனக்குக் குளிர் ஆகாது, அஞ்சு வயசுப் பையனுக்கு அப்பப்ப வீசிங் வரும். எந்த ஊர் க்ளைமேட் எங்களுக்கு ஒத்துவரும்?"

மதுரையிலிருந்து நீங்க கேட்டது இதுதான். மூணு ஊர்லயும் அடுப்பு மூட்டினவங்கற ஒரே தகுதியில பதில் எழுதுறேன். 2009ல வந்து மூணு வருஷம் டர்பன். 2012லேர்ந்து ஜோபர்க், ஜோகன்னஸ்பர்க்கை இங்க அப்படித்தான் சொல்வோம். நடுவுல 2018ல எட்டு மாசம் கேப்டவுன். சொந்த ஊர் நாகர்கோவில். ரெண்டு பருவமழையும் ஆரல்வாய்மொழிக் காத்தும் பார்த்து வளர்ந்த உடம்பு. மதுரை வெயில்ல வளர்ந்த உங்களுக்கு நான் சொல்றது கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம்.

இதுக்குள்ள நெட்ல தேடிப் பார்த்திருப்பீங்க. ஜோபர்க்ல ஜனவரிப் பகல் 26 டிகிரி, ஜூலைப் பகல் 17, ராத்திரி 4னு போட்டிருக்கும். கடல்மட்டத்துலேர்ந்து கிட்டத்தட்ட 1,750 மீட்டர் உயரம். குன்னூரை விடக் கொஞ்சம்தான் தாழ்வு. பரவாயில்ல, வருஷம் பூரா ஊட்டி ட்ரிப் போன மாதிரின்னு நானும் அப்படித்தான் நினைச்சு வந்தேன். அந்தக் கணக்கெல்லாம் உண்மைதான். ஆனா அது வெளியில இருக்கிற காத்தோட கணக்கு. நீங்க தூங்கப்போறது வீட்டுக்குள்ள.

2012 ஜூலையில ஜோபர்க் வந்தோம். ரெண்டாம் மாடியில ஒரு ஃப்ளாட் பார்த்தோம். ஹாலும் ரெண்டு பெட்ரூமும் தெற்குப் பார்த்து இருந்துச்சு. "தென்றல் வரும், எடுத்துடலாம்"னு சொன்னதே நான்தான். புரோக்கர் வாயைத் திறக்கல. முதல் வாரமே தெரிஞ்சுபோச்சு. காலையில எழுந்தா ஜன்னல் கண்ணாடியில உள்பக்கம் தண்ணி வழியுது. தேங்காயெண்ணெய் பாட்டில்ல கல்லு மாதிரி உறைஞ்சு கிடக்குது. ஆகஸ்ட்ல அலமாரிக்குப் பின்னாடி சுவர்ல கருப்பா பூஞ்சை. எதிர்வீட்டு குஜராத்தி அம்மா வீடும் அதே அளவு, அதே வாடகை. ஆனா வடக்குப் பார்த்தது. ஒருநாள் டீ குடிக்கப் போனேன். அவங்க ஸ்வெட்டர் போடாம சோபாவுல வெயில்ல உட்கார்ந்து பட்டாணி உரிச்சிட்டிருக்காங்க. எனக்கு வந்த ஆத்திரத்துல டீ இறங்கல.

காரணம் சின்ன விஷயம்தான். நாம பூமத்தியரேகைக்குத் தெற்கே வந்துட்டோம். இங்க சூரியன் வடக்கு வானத்துலதான் நடக்கும். கோடையில மத்தியானம் உச்சந்தலைக்கு மேல நிக்கும், அதனால வடக்கு ஜன்னல் வழியா பெருசா உள்ள வராது. ஜூன்ல பாதி வானம்கூட ஏறாது, சுமார் 40 டிகிரிதான். அந்தச் சாஞ்ச வெயில் ஹால் பூரா விழுந்து தரையைச் சூடாக்கும். தெற்கு ஜன்னலுக்குக் குளிர்காலம் மூணு மாசமும் ஒரு பொட்டு வெயில் கிடையாது. காத்தும் தலைகீழ். தெற்கேயிருந்து வந்தா தென்றல், வடக்கேயிருந்து வந்தா வாடைன்னு படிச்சு வச்சிருக்கோம்ல, இங்க அந்த ரெண்டு பேரையும் மாத்திப் போடணும். தெற்கேயிருந்து வர்ற குளிரெல்லாம் அண்டார்டிகா பக்கத்துக் கடல்லேர்ந்து கிளம்பி வர்றது. அந்த ஆகஸ்ட் 7ஆம் தேதி அப்படி ஒண்ணு வந்து ஜோபர்க்ல பனியே கொட்டுச்சு. ஆபீஸ்ல எல்லாரும் கார் பார்க்கிங்ல இறங்கி நின்னு போட்டோ எடுத்தோம். அதுக்கப்புறம் 2023 ஜூலையிலதான் இங்க மறுபடி சொல்லிக்கற மாதிரி பனி பார்த்தேன். அடிக்கடி வர்றதில்ல, பயப்படாதீங்க.

இன்னொண்ணு. இங்க வீடுகள்ல குளிருக்குன்னு எந்த ஏற்பாடும் கிடையாது. லண்டன், டொராண்டோ மாதிரி வீடு முழுக்கச் சூடு பண்ற ஹீட்டிங் இல்ல. செங்கல் சுவர், டைல்ஸ் தரை, ஒத்தைக் கண்ணாடி ஜன்னல், கதவுக்குக் கீழே விரல் நுழையற இடைவெளி. ஜூலை மத்தியானம் பாருங்க, ஜனங்க வெளியில டீஷர்ட்டோட உட்கார்ந்திருப்பாங்க, வீட்டுக்குள்ள போறப்ப ஜாக்கெட் மாட்டிக்குவாங்க. கனடாவுல மைனஸ் இருபதுல இருக்கிற என் நாத்தனார் இங்க வந்து நாலு நாள் நடுங்கிட்டுப் போனா, நம்புங்க. எலக்ட்ரிக் போர்வைன்னு ஒண்ணு மெத்தைக்கு மேல விரிக்கிறது விற்கும், அதை முதல் வாரமே வாங்கிடுங்க. கேஸ் ஹீட்டர் ஒண்ணும் வேணும், 2022லயும் 2023லயும் பட்ட கரண்ட் கட்டுக்கு அப்புறம் யாரும் கரண்ட்டை மட்டும் நம்பறதில்ல. ஆனா அது எரியும்போது ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைங்க, தூங்கும்போது அணைச்சிடுங்க.

வீட்டு விஷயத்தை ஒதுக்கிட்டா, ஜோபர்க் வானிலை மாதிரி நான் எங்கயும் பார்த்ததில்ல. குளிர்காலத்துல வானம் துடைச்சு வச்ச மாதிரி நீலம். மே மாசத்துலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் குடையே தேவைப்படாது, அக்டோபர்லதான் மழை ஆரம்பிக்கும். அதுவும் நம்மூர் ஐப்பசி அடைமழை மாதிரி நாள் கணக்கா அழாது. காலையில வெயில், மத்தியானம் மேகம் கட்டும், நாலு மணிக்கு இடியும் மின்னலுமா ஒரு மணிநேரம் அடிச்சு ஊத்தும், ஆறு மணிக்கு மறுபடி வெயில். துணியைக் காலையிலயே காயப்போட்டு எடுத்துடுங்க. இடி கேட்டதும் டிவி, இன்டர்நெட் பெட்டி ப்ளக்கைப் பிடுங்கி வைங்க. நான் ரெண்டு ரவுட்டர் பறிகொடுத்தவ. ஆலங்கட்டி வேற விழும். 2013 நவம்பர் கடைசியில விழுந்தது கோலிக்குண்டு சைஸ்னு சொன்னா குறைச்சுச் சொல்றதா ஆகும். எங்க கார் பானெட் அம்மை போட்ட முகம் மாதிரி ஆயிடுச்சு. அதனால கூரை போட்ட பார்க்கிங் இருக்கான்னு கேட்டுக்கோங்க.

உங்க வீட்டுக்காரருக்கு இங்க வேர்வையே தெரியாது. ஆனா உங்களுக்கும் பையனுக்கும் குளிரை விட வறட்சிதான் பாடு. ஜூன்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் உதடு வெடிக்கும், குதிகால் வெடிக்கும், கார் கதவைத் தொட்டா சுருக்னு ஷாக் அடிக்கும். பையனுக்கு மூக்குல ரத்தம் வந்தா பதறாதீங்க, என் மகளுக்கு முதல் ரெண்டு வருஷமும் வந்துச்சு. புல்வெளியெல்லாம் காய்ஞ்சு தீப்பிடிச்சு, சாயங்காலம் புகை கீழேயே தங்கும். ஆகஸ்ட் ஆனா காத்து. ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு ஊர்ல சொல்வோமே, பருவமெல்லாம் தலைகீழா இருக்கிற இந்த ஊர்ல ஆடிக்காத்து மட்டும் ஆடியிலயே வந்து நிக்குது. மூட்டை மூட்டையா தூசி. வீசிங் இருக்கிற பிள்ளைக்கு அந்த மாசம் கவனமா இருக்கணும். நான் டாக்டர் இல்ல. பையனோட டாக்டர்கிட்ட வறண்ட காத்து ஆகுமா, ஈரக்காத்து ஆகுமான்னு கேட்டுட்டு வாங்க. அந்த ஒரு பதில் இந்த மூணு ஊர்ல ஒண்ணை அடிச்சுத் தள்ளிடும்.

சமையலும் மாறும். இந்த உயரத்துல தண்ணி 94 டிகிரி பக்கத்துலயே கொதிச்சிடும், அதனால சாதாரணப் பாத்திரத்துல துவரம்பருப்பு வேகவே வேகாது, குக்கர் இல்லாம வராதீங்க. இட்லி மாவு ஜூலையில ராத்திரி வச்சா காலையில வச்சபடியே இருக்கும். நான் என்ன செய்வேன்னா, ஓவனை அஞ்சு நிமிஷம் சூடாக்கி அணைச்சு, உள்ளே லைட்டை மட்டும் எரியவிட்டு, அதுக்குள்ள மாவைத் தூக்கி வச்சிடுவேன். ஒரு வருஷம் எலக்ட்ரிக் போர்வையில சுத்தி வச்சேன், நல்லா பொங்குச்சு, மெத்தையும் சேர்ந்து பொங்குச்சு. கறிவேப்பிலை தொட்டியிலதான், ராத்திரி உறைபனிக்கு வீட்டுக்குள்ள எடுத்துடணும். நான் நட்ட முருங்கை மூணும் முதல் குளிர்லயே கருகிப்போச்சு.

முருங்கை, வாழை, மா, கறிவேப்பிலை எல்லாம் தோட்டத்துல தானா வளரணும்னா டர்பன். நம்ம ஜனங்க அங்க இருக்கிறதுக்கே அந்தத் தட்பவெப்பம்தான் காரணம். உறைபனி விழாத அந்தக் கடலோரத்துலதான் கரும்பு வரும். அந்தக் கரும்பை வெட்டத்தான் 1860 நவம்பர் 16ல ட்ரூரோ கப்பல் சென்னையிலேர்ந்து முதல் ஆட்களை அங்க கொண்டுவந்து இறக்குச்சு. அவங்க பேரன் பேத்திகளுக்கு இப்ப தமிழ் பேச வராது, ஆனா ஆடி மாசம் மாரியம்மனுக்குக் கூழ் ஊத்துறதை விடல. ஆடியில அங்க குளிர்காலம்னாலும் பகல்ல 23 டிகிரி இருக்கும். நம்ம மார்கழின்னு நினைச்சுக்கலாம். பக்கத்துல ஓடுற அகுல்ஹாஸ் நீரோட்டம் சூடானது, கடல் எப்பவும் வெதுவெதுன்னு இருக்கும், ஜூலையிலயும் குளிக்கலாம். சில நாள் மலைப்பக்கத்துலேர்ந்து சூடா, வறண்டு ஒரு காத்து வரும், பெர்க் விண்ட்னு பேர். நடுக்குளிர்காலத்துல திடீர்னு 30 டிகிரி. மறுநாளே மழையும் குளிரும்.

டர்பன்ல உங்களுக்கு ஒரு குறையும் இருக்காது. வேர்வைதான் வீட்டுக்காரர் பாடு. டிசம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் 28 டிகிரிதான் காட்டும், ஆனா குளிச்சு முடிச்சு துவட்டறதுக்குள்ள மறுபடி நனைஞ்சிருப்பார். சென்னை பார்த்தவருக்கு அதிர்ச்சி ஒண்ணும் இருக்காது. ஏசி இருக்கிற வீடா எடுங்க. அங்கயும் பூஞ்சை உண்டு, தோல் செருப்பு, பெல்ட், பட்டுப்புடவை எதையும் மூடியே வைக்கக்கூடாது. அப்புறம் வீடு எந்த இடத்துல இருக்குன்னு பாருங்க. 2022 ஏப்ரல்ல ரெண்டு நாள் பெய்ஞ்ச மழையில டர்பன் சுத்துவட்டாரத்துல 400 பேருக்கு மேல இறந்துட்டாங்க. சரிவுல இருந்த வீடு, ஓடைக்கரை வீடுகளெல்லாம் போச்சு. எங்க பழைய பக்கத்து வீட்டுக்காரங்க வாரக்கணக்குல லாரித் தண்ணிக்குக் குடம் தூக்கினாங்க. மேட்டுல, சரிவு இல்லாத இடமா பார்த்து எடுங்க.

கேப்டவுனைப் பத்தி ஊரே புகழும். நான் அவ்வளவா புகழமாட்டேன். அழகுல குறை சொல்ல முடியாது. ஆனா அங்க குளிரும் மழையும் சேர்ந்தே வரும். ஜூன், ஜூலையில எட்டு மணி ஆனாதான் விடியும், அதுவும் ஈரமா விடியும். உங்களுக்கு அது ஆகாதும்மா. கோடையில மழையே கிடையாது, அதுக்குப் பதிலா தென்கிழக்குக் காத்து. கேப் டாக்டர்னு அதுக்குச் செல்லப்பேர், ஊர்ப் புழுதியையும் புகையையும் அடிச்சுத் துரத்தி ஊரைச் சுத்தமாக்குமாம். ஆரல்வாய்மொழிக் காத்துல வளர்ந்த எனக்கே ரோட்டு விளக்குக்கம்பத்தைப் பிடிச்சுக்க வேண்டி வந்துச்சு. டேபிள் மவுண்டன் மேல வெள்ளைத்துணி விரிச்ச மாதிரி மேகம் வழியறதும் அந்தக் காத்தாலதான். அழகா இருக்கேன்னு கடல்ல காலை வைங்க, நடு ஜனவரியிலயும் ஐஸ் தண்ணி. நான் போன 2018லதான் டேம் வத்தி, பிப்ரவரியிலேர்ந்து ஆளுக்கு ஒருநாளைக்கு 50 லிட்டர்னு கட்டுப்பாடு. அரிசி கழுவின தண்ணியில செடி, குளிச்ச தண்ணியில டாய்லெட். நம்மூர்க் கோடையில வளர்ந்தவங்களுக்கு அது ஒண்ணும் புதுசில்ல, ஆபீஸ்ல நான்தான் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

எனக்குப் பிடிச்சது எதுன்னு கேட்டா, ஜோபர்க்கோட ஏப்ரல், மே. மழை நின்னு, குளிர் தொடங்காத ஆறு வாரம். உங்களுக்கு? குளிருக்குப் பயந்து நீங்க டர்பன்னு சொல்வீங்க, வேர்வைக்குப் பயந்து அவர் கேப்டவுன்னு சொல்வார். நான் ஜோபர்க்னுதான் சொல்வேன், டாக்டர் வறண்ட காத்து வேண்டாம்னு சொல்லாத வரைக்கும். அவர் வேர்வைக்கு அங்க மருந்தே வேண்டாம். உங்க குளிருக்கு ஒரு நல்ல வீடு போதும். டர்பன்ல அவர் வேர்வைக்கு வீட்டை மாத்தி ஒண்ணும் ஆகாது.

வீட்டு விளம்பரத்துல 'நார்த் ஃபேசிங்'னு போட்டிருப்பாங்க. நம்மூர்ல அப்படின்னா வாசல். இங்க அவங்க சொல்றது ஹாலும் தோட்டமும். வாசல் எங்க பார்த்தாலும் விடுங்க, உங்க மாமியார்கிட்ட வடக்கு குபேர திசைன்னு சொல்லிச் சமாளிச்சுக்கலாம். போட்டோவை நம்பாதீங்க, கோடையில எடுத்த போட்டோவுல எல்லா வீடும் வெளிச்சமாத்தான் இருக்கும். வீடு பார்க்கிற நாளன்னைக்கு காலையில பத்து, பத்தரைக்குப் போய், போன்ல திசைகாட்டியைத் திறந்து, ரெண்டு பெட்ரூம்லயும் ஜன்னல்கிட்ட நில்லுங்க. அலமாரியை நகர்த்திப் பின்னாடி சுவரைத் தடவிப் பாருங்க, புரோக்கர் முறைச்சா முறைக்கட்டும்.

ஸ்வெட்டர் எதுவும் அங்க வாங்காதீங்க, மதுரையில விக்கிறது இங்க தாங்காது. பெட்டியில அந்த இடத்துல குக்கர் கேஸ்கெட் ரெண்டு வச்சுக்கோங்க. எந்த மாசம் வர்றீங்கன்னு மட்டும் சொல்லுங்க, ஜூன்னா எங்க வீட்டுல இருக்கிற ரெண்டாவது கேஸ் ஹீட்டரை எடுத்துட்டு வரச் சொல்றேன்.