ரீஃபர் வண்டி: வாசகர் கேள்வி, ஓட்டுநர் பதில்

ரீஃபர் எனப்படும் குளிர்பதன லாரியில் நெடுந்தூரம் ஓடிப் பிழைப்பது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு, தக்கலைப் பக்கத்து ஓட்டுநர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: குளச்சல் துறைமுகத்திலிருந்து கொச்சிக்கு ஐஸ் போட்ட மீன் டெம்போ ஓட்டுகிறேன். வயது 22. ரீஃபருக்கு மாற ஆசை. என்ன செய்யணும் அண்ணாச்சி? சம்பளம் எப்படி? (குளச்சல் வாசகர்)

பதில்: வயது சரிதான் தம்பி. சரக்கு வண்டி ஓட்ட 20 முடிந்திருக்க வேண்டும். கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தால் ஹெவிக்கு எல்எல்ஆர் போடலாம். ஆனால் ஹெவி கைக்கு வந்த மறுநாளே ரீஃபர் சாவியை வாங்கிவிடாதீர்கள். கொஞ்ச காலம் ரெண்டாவது டிரைவராக ஏறுங்கள். உங்கள் டெம்போவில் ஐஸ் உருகினால் களியக்காவிளை தாண்டி ஏதாவது ஐஸ் பிளான்ட்டில் நிறுத்தி அள்ளிப் போடலாம். நாக்பூர் தாண்டி ரீஃபரின் குளிரூட்டும் மெஷின் நின்றால் அள்ளிப் போட ஒன்றும் கிடையாது.

சம்பளம் பெரும்பாலும் மாதச் சம்பளமும் பேட்டாவும், இல்லையென்றால் கிலோமீட்டர் கணக்கு. எல்லாரும் கிலோமீட்டருக்கு எவ்வளவு என்றுதான் முதலில் பேசுகிறார்கள். நான் முதலில் கேட்பது ‘வெயிட்டிங்குக்கு என்ன தருவீங்க?’ என்று. குளிர்கிடங்கு வாசலில் ரெண்டு நாள் வரிசையில் கிடந்தால் கிலோமீட்டர் ஏறாது, சாப்பாட்டுச் செலவு மட்டும் ஏறும். அதைப் பேசி முடிக்காமல் வண்டியில் ஏறாதீர்கள்.

கேள்வி: சரக்கு கெட்டால் டிரைவர் தலையில் கட்டிவிடுவார்கள் என்கிறார்களே? (மார்த்தாண்டம் வாசகர்)

பதில்: கட்டப் பார்ப்பார்கள். அதற்கு ஏற்றும்போதே தயாராக இருக்க வேண்டும்.

ரீஃபர் மெஷின் இருக்கிற குளிரைக் காப்பாற்றும். புதிதாக உறைய வைக்காது. உறைந்த மீன் மைனஸ் 18-ல் வர வேண்டும். மைனஸ் 10-ல் ஏற்றிவிட்டு செட்டிங்கை மைனஸ் 18-ல் வைத்தால் டிஸ்ப்ளே அழகாக மைனஸ் 18 காட்டும். அது காற்றின் குளிர். பெட்டிக்குள் மீன் அப்படியேதான் இருக்கும். அதனால் நான் தெர்மாமீட்டரை ரெண்டு பெட்டிக்கு நடுவில் சொருகிப் பார்த்து, வந்த எண்ணை பில்டியிலேயே (சரக்குச் சீட்டு) எழுதி, ஏற்றுகிறவரிடம் கையெழுத்து வாங்குவேன். சூப்பர்வைசர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

அப்புறம் அடுக்கு. குளிர்காற்று முன்பக்கம் மேலே கிளம்பி, சரக்கின் தலைக்கு மேல் கடைசிக் கதவு வரை போய், தரை வழியாகத் திரும்பும். லோடுமேன்கள் ‘இன்னும் பத்துப் பெட்டி போகும்ணே’ என்று கூரை வரை அடைத்துவிட்டால் காற்றுக்கு வழி ஏது? கதவுப் பக்கத்துப் பெட்டிகள்தான் முதலில் இளகும்.

இறக்குமிடத்தில் இன்னொரு கூத்து. ஒரு வட இந்திய ஊரில், மே மாத மத்தியானம், கதவைத் திறக்கச் சொல்லிவிட்டு ஆட்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். திரும்பி வந்து, மீன் இளகியிருக்கிறது, வாடகையில் பிடிப்போம் என்றார்கள். வழி நெடுக வெப்பநிலையைப் பதிவு செய்யும் டேட்டா லாகரின் பிரிண்ட்டை எடுத்து நீட்டினேன். வழியெல்லாம் கோடு நேராக வந்து, அவர்கள் வாசலில்தான் ஏறியிருந்தது. பேச்சு அத்தோடு நின்றது. இப்போதெல்லாம் இறக்க ஆள் வந்து நின்றால்தான் கதவைத் திறப்பது. நம் கவனக்குறைவால்தான் நட்டம் என்றால் மட்டுமே, அதுவும் விளக்கம் கேட்ட பிறகே, சம்பளத்தில் பிடிக்கலாம் என்பது சட்டம். விளக்கம் சொல்லக் கையில் காகிதம் வேண்டும், அவ்வளவுதான்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று: டிஸ்ப்ளே திடீரென்று சில டிகிரி ஏறினால் உடனே பதறாதீர்கள். மெஷின் டிஃப்ராஸ்டில், அதாவது தன் காயிலில் பிடித்த ஐஸை உருக்குவதில் இருக்கலாம். கொஞ்ச நேரத்தில் இறங்கவில்லை என்றால் அப்போது பதறலாம்.

கேள்வி: என் வீட்டுக்காரர் ரீஃபர் ஓட்டுகிறார். மெஷின் ஓடிக்கொண்டே இருக்கணும், அதனால் வழியில் வீட்டுக்கு வர முடியாது என்கிறார். உண்மையா அண்ணா? (கருங்கல் வாசகி)

பதில்: லோடு இருந்தால் உண்மைதான் தங்கச்சி. பெரிய வண்டிகளில் மெஷினுக்குத் தனி இன்ஜின், தனி டீசல் டேங்க். வண்டி நின்றாலும் அது ராத்திரி பகலாக ஓடும், பக்கத்தில் ஆள் வேண்டும். வடக்கே இருந்து பட்டாணியோ வெண்ணெயோ ரிட்டன் லோடு ஏற்றி வந்தாலும் இதே கதைதான். காலி வண்டிக்கு மெஷின் தேவையில்லை. அடுத்த தடவை போனில் ‘லோடா, காலியா?’ என்று மட்டும் கேளுங்கள். அவர் என்னைத் திட்டினால் பரவாயில்லை.

கேள்வி: பின்னால் அவ்வளவு குளிர், முன்னால் டிரைவருக்கு வேர்வையா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: பழைய வண்டியில் அப்படித்தான், மின்விசிறிதான் துணை. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் கேபின் ஏசி கட்டாயம். பழசை ஓட்டுகிற எங்களுக்கு ஆரல்வாய்மொழிக் காற்றுதான் ஏசி.

கேள்வி: நேந்திரன் காயை டெல்லிக்கு ரீஃபரில் அனுப்பலாமா? எவ்வளவு குளிர் வைக்கணும்? (திருவட்டாறு விவசாயி)

பதில்: தாராளமாக அனுப்பலாம். 13, 14 டிகிரி போதும். ‘நல்லாக் குளிரட்டும்’ என்று அதற்குக் கீழே இறக்கினால் தோல் கறுத்து, பிறகு ஒழுங்காகப் பழுக்காது. பழுத்த தார் ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. அதிலிருந்து வரும் வாயு மற்றக் காயையும் வழியிலேயே பழுக்க வைத்துவிடும். நம்ம ஊர் மட்டி வாழைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அதையும் அனுப்பலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தோல் மெலிசு. முதலில் நாலைந்து பெட்டி மட்டும் அனுப்பிப் பாருங்கள். முழு லோடு ஏற்றச் சொன்னால் நான் வர மாட்டேன்.