கேள்வி–பதில்: துப்பாக்கி லைசென்ஸ், அங்கேயும் இங்கேயும்

கேள்வி: என் மூத்த மகன் அமெரிக்காவில் சார்லட்டில் இருக்கிறான், கிரீன் கார்டு வந்துவிட்டது. ஷெரிப் ஆபீஸில் லைசென்ஸ் எடுத்துக் கைத்துப்பாக்கியை இடுப்பில் மறைத்து வைத்துக்கொள்ளப் போகிறானாம். ஹெச்1பி விசாவில் இருக்கும் இளையவனும் கூடவே எடுக்கிறேன் என்கிறான். நடக்குமா?
— ஓர் ஆச்சி, காரைக்குடி

பதில்: மூத்தவருக்கு நடக்கும். இளையவருக்கு நடக்காது. ஷெரிப் நம் ஊர் எஸ்.பி. மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். சார்லட் இருக்கும் வட கரோலினாவில், குடியிருக்கும் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஷெரிப்பிடம்தான் மனுப் போட வேண்டும். 21 வயது ஆகியிருக்க வேண்டும், மாநிலத்தில் 30 நாளாவது குடியிருந்திருக்க வேண்டும். குடிமகனுக்கும் கிரீன் கார்டுக்காரருக்கும் மட்டுமே அனுமதி.

முதலில் வகுப்பு. சட்டமும் பாதுகாப்பும் சொல்லித் தந்து, நிஜத் தோட்டா போட்டுச் சுடவும் வைப்பார்கள். 8 மணி நேரம். கம்ப்யூட்டரில் மட்டும் படித்து வாங்கிய சான்றிதழ் செல்லாது. மனுவுக்கு 80 டாலர், கைரேகைக்கு 10 டாலர் வரை. தள்ளுபடியானாலும் 80 டாலர் திரும்பாது. அதனால் போவதற்கு முன் டிரைவிங் லைசென்ஸில் இப்போதைய முகவரி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வீடு மாறியவர்கள் சிக்குவது இதில்தான். மனநல மருத்துவப் பதிவுகளைப் பார்க்கச் சம்மதக் கையெழுத்தும் வாங்குவார்கள். அந்தப் பதிவுகள் ஷெரிப் கைக்கு வந்த பிறகுதான் 45 நாள் கெடு ஓடத் தொடங்கும், மனுக் கொடுத்த நாளிலிருந்து அல்ல. குடித்துவிட்டு வண்டி ஓட்டித் தண்டனை பெற்று 3 ஆண்டு ஆகாதவருக்குக் கிடையாது. பழைய வழக்கு எதுவானாலும் எழுதிவிடுவது நல்லது. மறைத்தது கைரேகையில் வெளியே வந்துவிடும்.

அனுமதி 5 ஆண்டுக்கு. உடம்பில் மது இருக்கும்போது துப்பாக்கியைச் சுமக்கக் கூடாது. போலீஸ் காரை நிறுத்தினால், அவர் கேட்கும்வரை காத்திராமல், 'என்னிடம் துப்பாக்கி இருக்கிறது' என்று தானாகச் சொல்லி அட்டையைக் காட்ட வேண்டும். அதுவரை கை ஸ்டியரிங்கிலேயே இருக்கட்டும்.

இளையவர் விஷயம் இன்னும் கடுமை. ஹெச்1பி போன்ற தற்காலிக விசாக்காரர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு, ஆனால் அவை ஷெரிப் அனுமதிக்கு உதவாது. ஆச்சி, நீங்கள் விசிட்டர் விசாவில் போனாலும் இதே தடைதான். 'சும்மா ஒரு தரம் சுட்டுப் பாருங்க' என்று மகன் சுடும் திடலுக்குக் கூட்டிப் போனால், 'வேணாம்ப்பா' என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அப்பச்சி காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கி பெட்டகத்தில் அப்படியே இருக்கிறது. லைசென்ஸ் அவர் பேரில். என்ன செய்வது?
— வாசகர், தேவகோட்டை

பதில்: இரண்டு வருஷம் விட்டதே தவறு. லைசென்ஸ் ஆளுக்குத்தான், வீட்டுக்கு அல்ல. அவர் போன பிறகு அந்தத் துப்பாக்கி சட்டப்படி யார் கையிலும் இல்லாத ஆயுதம். தாமதமில்லாமல் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்திருக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. 'தொடவே இல்லை, பெட்டகத்தில்தான் இருந்தது' என்பது பதிலாகாது.

நீங்களே தூக்கிக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். இறப்புச் சான்றிதழ் நகலோடு ஸ்டேஷனுக்கு எழுதிக் கொடுத்து, அவர்கள் சொல்கிறபடி ஒப்படையுங்கள். எண்ணெய் போட்டுத் துடைக்கிறேன் என்று அதை எடுக்க வேண்டாம். உள்ளே தோட்டா இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியாது. ரசீதில் துப்பாக்கியில் பொறித்த எண்ணும் தோட்டாக்களின் எண்ணிக்கையும் இருக்க வேண்டும். அந்த எண்ணை அப்பச்சியின் லைசென்ஸ் புத்தகத்தில் உள்ளதோடு அங்கேயே ஒத்துப் பாருங்கள். ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் பிறகு கோப்பு நகராது.

துப்பாக்கி வேண்டும் என்றால் உங்கள் பேரில் தனி மனு. தேவகோட்டைக்குச் சிவகங்கைக் கலெக்டர். இராயவரம், பொன்னமராவதிப் பக்கம் என்றால் புதுக்கோட்டை. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் வாரிசுக்கென்று தனி இடமே உண்டு. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபமின்மைக் கடிதம், மருத்துவச் சான்றிதழ் எல்லாம் வேண்டும். அண்ணன் மலேசியாவில், தங்கை பெங்களூரில் என்று இருக்கும் வீடுகளில் அந்தக் கடிதம்தான் மாதக் கணக்கில் இழுக்கும். அதை முதலில் எழுதி வாங்குங்கள். பிறகு போலீஸ் விசாரணை. கிடைத்தால் 5 ஆண்டுக்குச் செல்லும். வேண்டாம் என்றால் ஒப்படைத்த நிலையிலேயே லைசென்ஸ் உள்ளவருக்கு விற்கலாம்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மருமகன் பையில் ஒரே ஒரு தோட்டா தெரியாமல் வந்துவிட்டால்?
— வாசகி, கண்டனூர்

பதில்: ஏர்போர்ட் எக்ஸ்ரேயில் மாட்டும், ஆயுதச் சட்டத்தில் வழக்கும் வரும். தெரியாமல் இருந்தது என்று நிரூபித்தால் கோர்ட்டில் தப்பலாம். அன்றைய விமானம் போனது போனதுதான். சுடப் பழகும்போது கொண்டுபோகும் பையை ஊருக்கு எடுத்து வராமல் இருப்பதே வழி. எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஓரப் பைகளின் ஜிப்பைத் திறந்து கவிழ்த்து உதறுங்கள், அடித் துணிக்குக் கீழேயும் விரலை விட்டுத் தடவுங்கள்.