“மண்ணில்லா கருவாடு”ன்னு போட்டதுக்கு நோட்டீஸா?

ராமநாதபுரம் பக்கம் மண்டபம் ஊர்ல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. நெத்திலியைக் கடற்கரை மணல்ல போடாம வலை கட்டிக் காயவச்சு, “ராசாத்தி மண்ணில்லா நெத்திலி”ன்னு பாக்கெட் போட்டு விக்கிறாங்களாம். இப்ப ஒரு கம்பெனிக்காரன் “மண்ணில்லா எங்க டிரேட்மார்க், 15 நாள்ல நிறுத்து, இந்தக் கடுதாசில கையெழுத்துப் போட்டு அனுப்பு”ன்னு வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கான், என்ன பண்றதுன்னு கேக்குறாங்க.

அக்கா, மொதல்ல அந்தக் கடுதாசில கையெழுத்துப் போட்றாதீங்க. நோட்டீஸ்ங்கிறது கோர்ட் உத்தரவு இல்ல, அவங்க வக்கீல் எழுதுனது, அவ்வளவுதான். அதுக்காகப் பரண்மேல தூக்கிப் போட்டுறவும் கூடாது, சொன்ன நாளுக்குள்ள பதில் போயிரணும்.

டிரேட்மார்க்ங்கிறது இது யாரோட சரக்குன்னு காட்டுற பேரு. மண்ணில்லாங்கிறது பேரா, குணமா? வாயில போட்டா நறநறங்காதுன்னு வாங்குறவங்களுக்குச் சொல்றோம், அது சரக்கோட குணம். டிரேட்மார்க் சட்டம் 1999ல 9ஆம் பிரிவே சரக்கோட குணத்தை மட்டும் சொல்ற வார்த்தையைச் சாதாரணமா பதிவு பண்ண விடாது, வருசக்கணக்கா வித்து அந்த வார்த்தையைக் கேட்டாலே அவன் சரக்குதான்னு ஜனங்க நெனைக்கிற அளவுக்கு வந்திருந்தா வேற கதை. அப்படியே பதிவாகியிருந்தாலும் குணத்தைச் சொல்றதுக்காக நீங்க நேர்மையா அந்த வார்த்தையைப் போட 30, 35ஆம் பிரிவுல எடம் இருக்கு. சென்னை ஹைகோர்ட்லயே ஐடிசியோட ‘மேஜிக் மசாலா’ நூடுல்ஸும் நெஸ்லேயோட ‘மேஜிக்கல் மசாலா’ நூடுல்ஸும் மோதுச்சு, மேஜிக்ங்கிற வார்த்தையை ஒருத்தரே சொந்தம் கொண்டாட முடியாதுன்னு 2020ல ஐடிசி கேஸைத் தள்ளிட்டாங்க.

ஆனா உங்க பாக்கெட் போட்டோவைப் பாத்ததும் எனக்குக் கொஞ்சம் திக்குன்னுச்சு. ‘ராசாத்தி’ ஓரத்துல எறும்பு மாதிரி இருக்கு, ‘மண்ணில்லா’ மட்டும் செவப்புல கொட்டை எழுத்துல. இங்கதான் மாட்டுவீங்க. அமுல்காரங்க ஐஸ்கிரீம் மாதிரி ஒரு சரக்குல ‘சுகர் ஃப்ரீ’ன்னு பெருசா போட்டதுக்கு, அந்தப் பேர்ல சர்க்கரைக்குப் பதிலா போடுற இனிப்பூட்டி விக்கிற கேடிலா கம்பெனி கேஸ் போட்டாங்க. 2009ல டெல்லி ஹைகோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, வார்த்தையைப் போட்டுக்க, ஆனா குணத்தைச் சொல்ற மாதிரி சின்னதா போடு, பேர் மாதிரி அவ்வளவு பெருசா போடாத. அதனால அடுத்த லாட்டுக்கு ராசாத்தியைப் பெருசாக்கச் சொல்லுங்க, நோட்டீஸ் விட்ட கம்பெனியோட கலரும் எழுத்தும் பக்கத்துல கூட வரக்கூடாது.

அப்புறம் டிரேட்மார்க் ரெஜிஸ்ட்ரி வெப்சைட்ல அவங்க டிரேட்மார்க் நம்பரைத் தேடுங்க, காசு கிடையாது. விண்ணப்பம் மட்டுமா, பதிவா, வார்த்தையா இல்ல படத்தோட சேந்த லேபிளான்னு தெரிஞ்சிரும், லேபிளா இருந்தா அந்த ஒத்த வார்த்தைக்கு அவங்களுக்குத் தனியா உரிமை வந்துராது. பக்கத்துல டிஎம்னு போட்டிருந்தா பயப்படாதீங்க, அதை யாரும் போட்டுக்கலாம், வட்டத்துக்குள்ள ஆர் போட்டிருந்தாதான் பதிவு. அவங்க விக்க ஆரம்பிச்சது, பதிவு பண்ணது, ரெண்டுல எது முந்தியோ அதுக்கும் முன்னாடியே நீங்க தொடர்ந்து வித்திருந்தா 34ஆம் பிரிவு உங்க பக்கம். கவர் அடிச்ச பில், சந்தைக்கு அனுப்புன லாரி ரசீது எல்லாத்தையும் தேடி எடுங்க, உப்புத்தண்ணி பட்டு எழுத்து அழிஞ்சிருந்தாலும் பரவால்ல.

நீங்களே மண்ணில்லாவைப் பதிவு பண்ணலாமான்னு கேட்டீங்களே, வேண்டாம், காசுக்குப் புடிச்ச கேடு. ‘ராசாத்தி’யை வேற யாரும் வச்சிருக்காங்களான்னு பாத்துட்டு 29ஆம் வகுப்புல (டிரேட்மார்க்குக்குச் சரக்கை வகை பிரிச்சு நம்பர் வச்சிருக்காங்க) போடுங்க, கருவாடு அதுலதான் வரும். தனிநபருக்கு ஆன்லைன்ல 4500 ரூபா, பதிவானா 10 வருசம்.