என் பேச்சால்தான் மகனுக்கு இந்த நோய் வந்ததா?

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. மூன்று வருடமாக மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை எடுக்கிறான். போன மாதம் உறவுக்காரர் ஒருவர், "அம்மா வாயில் ஒன்று சொல்லி முகத்தில் ஒன்று காட்டினால் பிள்ளைக்கு இந்த நோய் வருமாம், அமெரிக்காவில் கண்டுபிடித்திருக்கிறார்கள்" என்றார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. "நீயே பார்த்து மாத்திரை எடுத்துக்கோ கண்ணு" என்று சொல்லிவிட்டு, அவன் எழுவதற்குள் நானே தண்ணீரோடு நீட்டுகிறேன். அவன் எரிந்து விழுகிறான். அவனை நான்தான் இப்படி ஆக்கிவிட்டேனா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்

பதில்: இல்லை அம்மா. உங்கள் பேச்சால் இந்த நோய் வரவில்லை. முதலில் இதை மனதில் வாங்கிக்கொண்டு மேலே படியுங்கள்.

உறவினர் சொன்னதற்கு ஒரு மூலம் உண்டு. 1956இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் கிரெகரி பேட்சன் என்ற மானுடவியலாளரும், டான் ஜாக்சன், ஜே ஹேலி, ஜான் வீக்லண்ட் ஆகியோரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் ஒரு காட்சி வருகிறது. நோய் தணிந்துவரும் இளைஞனைப் பார்க்க அம்மா மருத்துவமனைக்கு வருகிறார். அவன் ஆசையாக அவர் தோளில் கை போடுகிறான். அம்மாவின் உடம்பு விறைக்கிறது. அவன் கையை எடுத்துக்கொள்கிறான். "என் மேல் பாசம் போய்விட்டதா?" என்கிறார் அம்மா. அவன் முகம் சிவக்கிறது. "இப்படிக் கூச்சப்படக் கூடாது" என்று அதற்கும் ஒரு சொல். கை போட்டாலும் தப்பு, எடுத்தாலும் தப்பு. அம்மா போன பிறகு அவன் ஓர் ஊழியரைத் தாக்கிவிட்டான்.

இதைத்தான் 'இரட்டைக் கட்டு' என்றார்கள். வாய் ஒன்று சொல்லும், உடம்பு வேறொன்று சொல்லும். "இரண்டில் எதைக் கேட்பது?" என்று கேட்கவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது. கேட்கவும் போகவும் முடியாத இந்த மூன்றாவது முடிச்சுதான் ஆளை இறுக்குகிறது. நோயாளியைத் தனியாக வைத்துப் பேசாமல், வீட்டார் எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து யார் யாரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்க்கும் குடும்ப ஆலோசனை முறை வளர்ந்ததில் இந்தக் குழுவுக்குப் பெரும்பங்கு உண்டு. 1962இல் அதற்கென்றே ஓர் ஆய்விதழும் வந்தது.

அவர்கள் கவனித்தது உண்மை. அதையே நோய்க்குக் காரணமாகக் காட்டியதுதான் பிழை. முன்னுக்குப்பின் முரணாகப் பேசாத வீடு எங்கே இருக்கிறது? அந்த வீடுகளிலெல்லாம் நோய் வரவில்லையே. 1966இல் லெனார்ட் ஹெஸ்டன் என்ற மனநல மருத்துவர் வெளியிட்ட ஆய்வில், இந்நோயுள்ள தாய்மாருக்குப் பிறந்து, சில நாட்களிலேயே பிரிக்கப்பட்டு வேறிடத்தில் வளர்ந்த 47 பேரில் 5 பேருக்கு நோய் வந்திருந்தது. நோயில்லாத தாய்மாருக்குப் பிறந்து அதேபோல் வளர்ந்த 50 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. அந்த 47 பேரும் பெற்ற தாயின் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களே அல்ல. பரம்பரைக் கூறு, மூளை வளர்ச்சி எனப் பல காரணங்கள் சேர்ந்து வரும் நோய் இது. இதில் யார் குற்றமும் இல்லை. ஆனாலும் 'நோயை உண்டாக்கும் தாய்' என்ற பழி அங்கே எத்தனையோ பெண்களைப் பல ஆண்டுகள் வதைத்தது. அதே 1950களில் நம் நாட்டில், அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், வளாகத்திலேயே கூடாரம் போட்டுக் குடும்பத்தாரை நோயாளியோடு தங்கவைத்தார். வீட்டாரைக் குற்றவாளியாக அல்ல, துணையாகப் பார்த்தார். அந்த வழிதான் நிலைத்தது.

பேச்சுக்கு வேறொரு சக்தி உண்டு. வந்த நோய் திரும்பத் தலைதூக்குவதில் அதற்குப் பங்கு இருக்கிறது. லண்டனில் 128 நோயாளிகளை மருத்துவமனையிலிருந்து திரும்பிய பின் 9 மாதம் கவனித்தார்கள். ஓயாத குறைகூறலும், வெறுப்பும், மூச்சு முட்டும் அக்கறையும் மிகுந்த வீடுகளில் 51 சதவீதம் பேருக்கும், அவை குறைந்த வீடுகளில் 13 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியது. குறைகூறலோடு அளவு மீறிய அக்கறையையும் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள்.

இப்போது உங்கள் வீட்டு மாத்திரைச் சண்டைக்கு வருவோம். "நீயே எடுத்துக்கோ" என்பது ஒரு செய்தி. நீட்டும் கை "உன்னை நம்பவில்லை" என்கிறது. அவன் வாங்கினால் குழந்தை, மறுத்தால் அடம்பிடிப்பவன். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இப்போதைக்கு நீங்களே தருவதானால், "கொஞ்ச நாளைக்கு நானே தர்றேன்" என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத் தாருங்கள், தவறில்லை. அவனிடம் விடுவதானால், வேளைவாரியாக அறை பிரித்த வாராந்திர மாத்திரை டப்பா வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து நிரப்புங்கள். இரவு வேளை 9 மணி என்றால், 9.30க்கு ஒரே ஒரு முறை டப்பாவைப் பாருங்கள். மாத்திரை இருந்தால் "இன்னைக்கு மாத்திரை இன்னும் டப்பாவில இருக்குப்பா" என்பதோடு நிறுத்துங்கள். "அன்னைக்கும் இப்படித்தான் விட்ட" என்று வால் சேர்த்தால் அங்கே சண்டை தொடங்கிவிடும். தொடர்ந்து இரண்டு நாள் விட்டால் மருத்துவரிடம் சொல்வோம் என்பதை முன்கூட்டியே பேசிவைத்து, அப்படியே செய்யுங்கள். சாப்பாட்டில் மறைத்து மட்டும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே சந்தேகம் வாட்டும் மனம் ஒருநாள் கண்டுபிடித்தால், சோற்றையும் மாத்திரையையும் சேர்த்தே ஒதுக்கும்.

இங்கே பெரும்பாலும் சறுக்குவது அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொன்று சொல்வதால். கணவரோடு அவன் இல்லாத நேரத்தில் பேசி ஒரே முடிவுக்கு வந்த பிறகு அவனிடம் போங்கள். ஒரு நேரத்தில் ஒரு விஷயம், சின்ன வாக்கியம்.

கேட்க முடியாத அந்த மூன்றாவது முடிச்சை அவிழ்க்க ஒரு வழி உண்டு. அவன் நிதானமாக இருக்கும்போது, "நான் சொல்றதும் என் முகமும் வேற வேறயா இருந்தா தைரியமா கேளு" என்று அனுமதி கொடுங்கள். கேட்டால், "எதையும் தப்பாவே எடுத்துக்கிற" என்று அடைக்காதீர்கள். "ஆமாம்ப்பா, வெளியே போயிட்டு வான்னு சொன்னேன், ஆனா உள்ளுக்குள்ள பயமாத்தான் இருக்கு" என்று ஒப்புக்கொள்ளுங்கள். பயத்தைச் சொன்னால் அவனுக்குப் பதில் சொல்ல வழி கிடைக்கும். சிரிப்புக்குள் மறைத்தால் அவன் ஊகித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மகன் இரண்டு மூன்று இரவுகள் தூங்காமல் இருந்தாலோ, தனக்குத்தானே பேசுவது, சந்தேகம் கூடினாலோ, இந்தப் பேச்செல்லாம் வேண்டாம். உடனே மருத்துவரைப் பாருங்கள். இடையில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். அடுத்த மருத்துவச் சந்திப்புக்கு நீங்கள், கணவர், மகன் மூவரும் சேர்ந்தே உள்ளே போங்கள். மாத்திரை யார் கையில் என்பதை மருத்துவர் முன்னால் அவனையே முதலில் சொல்லச் சொல்லுங்கள்.