பொதுச் சுகாதாரம் என்று ஒரு படிப்பா? படித்தால் என்ன வேலை?

நோய் வந்தவரைக் குணப்படுத்துவது மருத்துவம். ஊருக்கே நோய் வராமல் பார்த்துக்கொள்வது பொதுச் சுகாதாரம். செட்டிநாட்டுக்காரர்களுக்கு ஊருணியை வைத்துச் சொன்னால் எளிது. தண்ணீர் குடித்து வயிற்றுப்போக்கோடு வருபவருக்கு மருத்துவர் மருந்து தருவார். ஊருணியில் சாக்கடை எங்கே கலக்கிறது என்று தேடிப் போவது இந்தப் படிப்பு. 1854இல் லண்டனில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் செய்ததும் அதுதான். இறப்புகளை வரைபடத்தில் குறித்தார். ஒரே அடிபம்பைச் சுற்றிக் குவிந்திருந்தன.

இதற்கு ஏன் தனிப் படிப்பு? காரணம் பல நேரம் நோயாளியின் உடம்புக்கு வெளியே இருக்கிறது. காரைக்குடி வீட்டு முற்றத்தில் மழைநீர் பிடிக்கும் அண்டாவைப் பாருங்கள். டெங்கு கொசு பெரும்பாலும் நல்ல தண்ணீரில்தான் பெருகும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதாது. முட்டைகள் உள்சுவரில் ஒட்டியபடி மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். தேய்த்துக் கழுவினால்தான் போகும். இதை ஆச்சி மனம் கோணாமல் சொல்லத் தெரிவது பாடத்தில் பாதி என்பேன்!

சரி, வேலை? அரசுத் திட்டங்கள், ஆய்வு நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள். முதுநிலைப் படிப்பு பொதுவாக 2 ஆண்டுகள். புள்ளியியலை ஒதுக்காதீர்கள். விடுமுறையில் ஆரம்ப சுகாதார நிலையக் களப்பணியாளர்களோடு நாலு தெரு நடந்து பாருங்கள்.

அப்புறம், எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள்தான் இதில் சேரலாம் என்பது தவறு. நர்சிங், புள்ளியியல், சமூகப்பணி படித்தவர்களையும் பல இடங்களில் சேர்க்கிறார்கள்.