‘தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா’ என்று மட்டும் கேட்காதீர்கள்

அறுபது பேர் வேலை செய்யும் தங்கள் உதிரிபாகத் தொழிற்சாலைக்குத் தர ஆய்வாளர் ஒருவரும், கணினி வழி இயங்கும் சிஎன்சி மெஷின்களை வேலைக்கு ஏற்ப அமைத்துத் தரும் செட்டர் இருவரும் தேவைப்படுவதாகவும், ஊழியர்களிடமே ஆள் கேட்டால் சொந்தக்காரர்களைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்களோ என்று தயங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கோவையில் இதே தொழிலில் பதினான்கு ஆண்டுகளாக மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். உங்கள் தயக்கம் நியாயமானதுதான். நானே பட்டுத் தெரிந்துகொண்டவன்.

தொடக்கத்தில், தெரிந்தவர்களை அழைத்து வந்தால் 5,000 ரூபாய் என்று அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டினேன். இரண்டே மாதத்தில் ஆள் பற்றாக்குறை தீர்ந்தது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரே ஊரிலிருந்து பதினொரு பேர் சேர்ந்திருப்பதை, அந்த ஊர் மாரியம்மன் கோயில் திருவிழா வந்து இரண்டாம் ஷிப்டில் பாதி மெஷின்கள் ஆளில்லாமல் நின்ற வாரத்தில்தான் கவனித்தேன். (அம்மனைக் குறை சொல்ல முடியாது.) அதைவிடக் கசப்பானது, மேற்பார்வையாளர் ஒருவர் தம் அக்கா மகனைச் செட்டர் என்று சொல்லி அழைத்து வந்ததும், அவர் முகத்துக்காக நாங்கள் செய்முறைச் சோதனையைத் தவிர்த்ததும்தான். அந்தப் பையன் அதுவரை, பிறர் அமைத்துக் கொடுத்த மெஷினை ஓட்டும் ஆபரேட்டராக மட்டுமே இருந்தவன். ஆஃப்செட் எனப்படும் வெட்டுக்கருவியின் அளவுத் திருத்தத்தை மாற்றத் தெரியாமல் ஓட்டியதில் ஒரு லாட் முழுவதும் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்தது. பையனைவிட அவன் மாமாதான் அதிகம் கூனிப்போனார்.

அதன் பிறகு பலகையில் எழுதுவதை நிறுத்திவிட்டு, நல்ல வேலைக்காரர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்துக் கேட்கத் தொடங்கினேன்: “முன்பு வேலை பார்த்த கம்பெனியில், நீங்கள் லீவு போட்டால் உங்கள் மெஷினை யாரை நம்பி விட்டுப் போவீர்கள்?” மூத்த செட்டர் ஒருவர் சற்று யோசித்துவிட்டு, “ஒருத்தர் இருக்காருங்க. எத்தனை அவசரம்னாலும் முதல் பீஸை மைக்ரோமீட்டர்ல வச்சுப் பார்க்காம அடுத்ததை ஏத்த மாட்டாரு” என்றார். இருவரும் பேசியே மூன்று ஆண்டுகள் ஆகியிருந்ததால், எண்ணைத் தேடிப் பிடிக்க அரை நாள் ஆனது. அந்த மனிதர் வேலை தேடிக்கொண்டிருக்கவில்லை. எந்த வேலைவாய்ப்புத் தளத்திலும் அவருடைய ரெஸ்யூமே இல்லை. இன்று எங்கள் டூல் ரூம் அவர் பொறுப்பில் இருக்கிறது.

எப்போதாவது பேசிக்கொள்ளும் இத்தகைய தொடர்புகளின் பலத்தை அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-லேயே எழுதிவிட்டார். பாஸ்டன் நகரை ஒட்டிய நியூட்டனில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் அவர் விசாரித்தபோது, அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள் 16.7 சதவீதம் மட்டுமே. எப்போதாவது சந்தித்தவர்கள் 55.6 சதவீதம், மிக அரிதாகச் சந்தித்தவர்கள் 27.8 சதவீதம். நெருங்கிய வட்டத்துக்குத் தெரிந்த செய்திகள் பெரும்பாலும் நமக்கும் முன்பே தெரிந்தவையாக இருக்கும் என்று அவர் காரணம் சொன்னார். அவர் விசாரித்தவர்கள் படித்த, அலுவலக வேலைக்காரர்கள். ஆனால் மெஷின் ஷாப்பிலும் மாமன் மச்சான் வட்டத்தைத் தாண்டினால்தான் புது ஆள் கண்ணில் படுகிறார்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆள் தேடித் தரும் கன்சல்டன்சிகள் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி கேட்பது வழக்கம். ஆண்டுக்கு 4,80,000 ரூபாய் பெறும் ஆய்வாளருக்கு இது 47,200 ரூபாய் ஆகும். பரிந்துரைத்த ஊழியருக்கு நாங்கள் 12,000 ரூபாய் தருகிறோம். வந்தவர் மூன்று மாதம் முடித்ததும் பாதி, ஆறாவது மாதம் மீதி. இது சம்பளத்தோடு சேர்ந்து வருமான வரிக்கு உட்படும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கையில் வரும் தொகை குறைந்தால் அந்தக் கோபம் உங்கள் மேல்தான் திரும்பும்.

என் அனுபவத்தில் பணத்தைவிடப் பதில் சொல்வதுதான் முக்கியம். பெயர் கொடுத்தவர் மாலையில் டீக்கடையில் அந்த நண்பரைப் பார்க்கிறார், ‘உங்க ஹெச்ஆர் என்ன சொன்னாங்க’ என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் நிற்கிறார் என்றால், அவர் மறுபடியும் யார் பெயரையும் சொல்ல மாட்டார். எடுக்கிறோமோ இல்லையோ, ஏழு நாளுக்குள் வந்தவருக்கும் அழைத்து வந்தவருக்கும் தனித்தனியே சொல்லிவிடுவதைப் பழக்கமாக்கிக்கொண்டோம்.

சிபாரிசு என்ற சொல்லுக்கு நம்மிடையே ஆள் பலத்தால் உள்ளே நுழைவது என்ற பொருளும் ஒட்டிக்கொண்டிருப்பதால், பெயர் சொல்வதோடு பரிந்துரைத்தவரின் பங்கு முடிந்துவிட வேண்டும். அவர் நேர்காணலில் உட்காரக் கூடாது. உறவினர் என்றால் வந்தவர் அவருக்குக் கீழ் வேலை பார்க்கக் கூடாது. செய்முறைச் சோதனையில், விளம்பரம் பார்த்து வந்தவருக்குத் தரும் அதே டிராயிங்கையும் கச்சாப் பொருளையும் பரிந்துரையில் வந்தவருக்கும் கொடுங்கள். விளம்பரத்தையும் நிறுத்த வேண்டாம். இல்லாவிட்டால் எங்களைப் போல ஒரே ஊர்க்காரர்களாக நிரப்பிக்கொள்வீர்கள்.

தர ஆய்வாளருக்கு மட்டும் ஒரு தனி வழி சொல்கிறேன். உங்கள் செட்டர்களிடம், பழைய கம்பெனியில் தங்கள் பீஸை நிறுத்தி வைத்த ஆய்வாளர்களில் யார் சொன்னது கடைசியில் சரியாக இருந்தது என்று கேளுங்கள். முதலில் சிரிப்பார்கள், பிறகு கொஞ்சம் மனமில்லாமல் ஒரு பெயரைச் சொல்வார்கள். அவரை முதலில் கூப்பிடுங்கள்.