இருபதுகளில் இருப்பவர்களே, நாட்டு நடப்பு உங்கள் அன்றாட வாழ்க்கையை உண்மையிலேயே தொடுகிறதா? அதைப் பற்றி எவ்வளவு யோசிக்கிறீர்கள்?

தொடுகிறது. ஆனால் செய்தியில் சொல்கிற அன்றைக்கே தொடாது, செய்தியில் சொல்கிற மாதிரியும் தொடாது. எங்கள் வீட்டில் அது சனிக்கிழமை சாயங்காலம்தான் தெரியும். திருப்பூரில் அன்றுதான் வாரச் சம்பளம்.

நான் இங்கே ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், அதாவது வெளிநாட்டில் வாங்குகிறவர்களோடு பேசி ஆர்டரைக் கவனிக்கிற ஆள். வயது இருபத்தைந்து. அம்மா வேறொரு கம்பெனியில் செக்கிங், தைத்த துணியில் குறை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அப்பா பவர் டேபிளில் டைலராக இருந்தவர், முதுகு ஒத்துழைக்காததால் இப்போது ஒரு குடோனில் வாட்ச்மேன்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இங்கே வேலையை நாளாகக் கணக்குப் போடுவதில்லை, ஷிப்டாகப் போடுவார்கள். காலை எட்டரைக்கு ஏறினால் சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட். டீயும் வடையும் ஆன பிறகு மறுபடி உட்கார்ந்து ராத்திரி ஒன்பதரை வரை ஓட்டினால் ஒன்றரை ஷிப்ட். ஆர்டர் இருக்கிற காலத்தில் ஒன்றரைதான் வழக்கமான நாள். ஒரு ஷிப்டோடு வீட்டுக்கு வந்தால் 'என்ன, உடம்புக்கு முடியலையா?' என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். அம்மாவுக்கு ஷிப்டுக்கு 360 ரூபாய். ஆறு நாளும் ஒன்றரை போனால் வாரத்துக்கு 3,240. ஒரு ஷிப்ட் மட்டும் என்றால் 2,160. நடுவில் இருக்கிற இந்த 1,080 ரூபாயில்தான் சீட்டுப் பணமும் சிலிண்டரும் தங்கையின் காலேஜ் பஸ்ஸும் ஓடுகின்றன.

இப்போது 2025-க்கு வருவோம். ஏப்ரல் 2-ஆம் தேதி டிரம்ப் ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டி எந்த நாட்டுக்கு எவ்வளவு வரி என்று அறிவித்தார். பிறகு தள்ளிப்போட்டார். ஜூலைக் கடைசியில் இந்தியாவுக்கு 25 சதவீதம் என்று முடிவானது, ஆகஸ்ட் 7 முதல் அமல். ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறோம் என்பதற்காக இன்னொரு 25, அது ஆகஸ்ட் 27 முதல். ஆக மொத்தம் 50. டிவி விவாதங்களில் இது நாட்டின் மானப் பிரச்சினையாக ஓடிக்கொண்டிருந்தது. வளைந்து கொடுக்கலாமா கூடாதா, யார் யாருக்கு நண்பர் என்று ஒவ்வொரு ராத்திரியும் கத்தினார்கள்.

எங்கள் ஊரில் முதலில் நடந்தது தலைகீழ். வேலை கூடியது! ஆகஸ்ட் 7-க்கு முன்னால் கப்பலில் ஏறி, அக்டோபர் 5-க்குள் அமெரிக்காவில் இறங்கிவிட்டால் புதிய வரி கிடையாது என்று விதி. தூத்துக்குடிக்கு லாரி அனுப்ப அத்தனை பேரும் விழுந்தடித்தார்கள். பேக்கிங்கில் விடிய விடிய ஆள் நின்றது. அம்மா அந்தச் சனிக்கிழமை நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டு வந்தார். 'வரி போட்டா நல்லதுதான் போலயே' என்று அப்பா கிண்டல் செய்தார்.

பிறகு அமெரிக்காவில் எங்களிடம் வாங்குகிறவர்களிடம் இருந்து மெயில்கள் வர ஆரம்பித்தன. இந்த இடம்தான் டிவியில் யாருமே காட்டாத இடம் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பருத்தி டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவில் ஏற்கெனவே 16.5 சதவீத வரி உண்டு. நாம் 4 டாலருக்குக் கொடுக்கிற சட்டைக்கு முன்பு 66 சென்ட் வரி. அதோடு அந்த 50 சேர்ந்தபோது 2 டாலர் 66 சென்ட் ஆனது. இதைக் கட்டுவது இந்தியா அல்ல, அங்கே இறக்குமதி செய்கிறவர். அவர் சும்மா இருப்பாரா? அப்போது பங்களாதேஷுக்கும் வியட்நாமுக்கும் கூடுதல் வரி 20, பாகிஸ்தானுக்கு 19 என்று இருந்தது. 'விலையில் குறைத்துக்கொடுங்கள், இல்லையென்றால் ஆர்டரை அங்கே மாற்றுகிறோம்' என்பதை ரொம்ப மரியாதையான ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். அதைப் படித்து முதலாளிக்குச் சுருக்கிச் சொல்வது என் வேலை.

முதலாளி கொஞ்சம் குறைப்பார். குறைத்ததில் ஒரு பகுதியைத் தான் தாங்குவார், மீதியை வெளியே கூலிக்குத் தைத்துத் தருகிற ஜாப் ஒர்க் யூனிட்டின் ரேட்டில் காட்டுவார். 'பீஸுக்கு ஒரு ரூபாய் குறைச்சுக்குங்க, நிலைமை தெரியுமில்ல' என்று போனில் பேசுவதை நானே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஜாப் ஒர்க்காரர் காண்ட்ராக்டரிடம் அதையே சொல்வார். காண்ட்ராக்டருக்குக் கீழே இருப்பவர்கள் டைலரும் அவருக்கு உதவுகிற கைமடியும் செக்கிங்கும். அவர்களுக்குக் கீழே யாரும் இல்லை என்பதால் அங்கே வந்து நின்றுவிடும். அதுவும் கூலிக் குறைப்பு என்ற பெயரில் நிற்காது. 'இன்னிக்கு ஒரு ஷிப்டோட போதும்' என்று சூப்பர்வைசர் சொல்வார், அவ்வளவுதான். செப்டம்பரில் இருந்து அம்மாவுக்குப் பெரும்பாலான நாள் ஒரு ஷிப்ட். 'அந்த டிரம்பு எங்கிருந்தோ வந்து நம்ம ராத்திரி டீயில கைய வச்சுட்டான்' என்பது இதைப் பற்றி அம்மா வெளியிட்ட அறிக்கை.

கவனியுங்கள், எங்கள் வீட்டில் யாருக்கும் வேலை போகவில்லை. அதனால் இது எந்தக் கணக்கிலும் பெரிதாக வராது. மத்திய அரசு 2025 ஏப்ரல் மாதக் கணக்கில் இருந்து வேலையின்மை விகிதத்தை மாதாமாதம் வெளியிடுகிறது. நல்ல விஷயம், நான் எடுத்துப் பார்ப்பேன். ஆனால் அதில், கணக்கெடுப்புக்கு முந்தைய ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே நீங்கள் வேலையில் இருப்பவர். எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள் என்றும் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள்தான், தலைப்புச் செய்தியாவது என்னவோ அந்த ஒற்றைச் சதவீதம் மட்டும். ஒன்றரை ஷிப்ட் ஒன்றானதும், வாரத்தில் 1,080 ரூபாய் காணாமல் போனதும் அந்தச் சதவீதத்தை அசைக்காது. 'வேலையின்மை கூடவில்லையே' என்று ஒருவர் விவாதத்தில் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. எங்களைப் பற்றிச் சொல்லவுமில்லை.

இது புதிதும் இல்லை. 2016 நவம்பரில் நான் பதினொன்றாம் வகுப்பு. ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்த பிறகும் அப்பாவுக்குச் சனிக்கிழமை சம்பளம் பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டாகவே வந்தது. 'பேங்கில போட்டுக்கப்பா' என்றார்களாம். வரிசையில் நிற்க ஒரு ஷிப்டை விட வேண்டியிருந்தது. கறுப்புப் பணம் பற்றி அன்று நடந்த விவாதத்தில் இந்த ஷிப்ட் யார் கணக்கிலும் ஏறவில்லை.

நியாயமாக நல்லதையும் சொல்ல வேண்டும். பருத்தி இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியை 2025 ஆகஸ்டில் எடுத்தார்கள், பிறகு டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள். கம்பெனிகளுக்கு அது உதவி. செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி குறைந்ததில் சோப்பு, பேஸ்ட், ஷாம்பு எல்லாம் 18-இல் இருந்து 5-க்கு வந்தன, மளிகை பில்லில் கொஞ்சம் தெரிந்தது. துணிக்கும் குறைத்தோம் என்றார்கள். 2,500 ரூபாய் வரைக்கும் 5 சதவீதம். ஆனால் ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட துணிக்கு ஏற்கெனவே 5 தான். காதர்பேட்டையில் நூறு ரூபாய்க்கும் இருநூறு ரூபாய்க்கும் டி-ஷர்ட் எடுக்கிற எங்களுக்கு அந்தப் பண்டிகைப் பரிசு வரவில்லை.

என் மாமா ஒருவர் தபால் துறையில் இருக்கிறார். எப்போது பார்த்தாலும் 'உனக்கெதுக்குடா இந்த அரசியல் எல்லாம், பொழப்பப் பாரு' என்பார். அவரே எட்டாவது ஊதியக் குழுவுக்கு யார் தலைவர், அறிக்கை எத்தனை மாதத்தில் வரும், அகவிலைப்படி எத்தனை சதவீதம் ஏறும் என்று விரல் நுனியில் வைத்திருப்பார். தப்பே இல்லை. அவருக்கு அதுதான் பிழைப்பு. நானும் அதையேதான் செய்கிறேன் என்பது மட்டும் அவருக்குப் புரிவதில்லை.

அப்புறம் வடமாநிலத் தொழிலாளர்கள் விஷயம். இந்தத் தளத்திலேயே 'வடக்கன் வந்து வேலையைப் பிடுங்கிக்கொண்டான்' என்று வாரத்துக்கு ஒரு கேள்வி வருகிறது. எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. நல்ல மனசு என்பதால் அல்ல. என் அப்பா அம்மாவே உசிலம்பட்டிப் பக்கத்தில் இருந்து பிழைக்க வந்தவர்கள், இந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களை இங்கே அடிக்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவி, பயந்துபோய் ரயில் ஏறினார்கள். பீகாரில் இருந்து அதிகாரிகள் குழு நேரில் வந்து பார்க்க வேண்டியதாயிற்று. அந்த நாட்களில் எங்கள் பகுதியில் தையல் மெஷின்கள் பாதி காலி. பிடுங்கிக்கொண்டார்கள் என்று சொல்லப்பட்ட வேலைக்கு அன்று யாரும் வரிசையில் வந்து நிற்கவில்லை.

2025-இல் அவர்களுக்கு அக்டோபர் கடைசியில் சத் பூஜை, நவம்பர் 6-ஆம் தேதியும் 11-ஆம் தேதியும் பீகாரில் ஓட்டு. எங்கள் பேக்கிங்கில் இருக்கிற ஒரு அண்ணன் தீபாவளி போனஸை வாங்கிக்கொண்டு போனவர், ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் வந்தார். 'இங்கே ஒரு ஷிப்ட் தானே, என்ன அவசரம்?' என்றார். டிரம்ப் போட்ட வரி பீகார் தேர்தலில் ஒரு ஓட்டைக் கூட்டியிருக்கிறது என்று எந்த அரசியல் நிபுணரும் சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

அதே நவம்பரில் இங்கே வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் ஆரம்பித்தது. படிவத்தில் பழைய பட்டியலில் உங்கள் பெயரோ பெற்றோர் பெயரோ எங்கே இருந்தது என்று கேட்டிருந்தார்கள். தொகுதியைப் பொறுத்து 2002 அல்லது 2005 பட்டியல். அப்பா அம்மா அப்போது திருப்பூரில்தான் இருந்தார்கள், ஓட்டு மட்டும் கிராமத்தில். ராத்திரி உட்கார்ந்து பாகம் பாகமாக பிடிஎஃப் திறந்து தேடினேன். அப்பா பெயர் கிடைத்தது. அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் கணவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பெரியப்பா பெயர். அம்மா சிரித்துக்கொண்டே இருந்தார், பெரியம்மாவுக்குப் போன் போட்டு வேறு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டிசம்பர் 19-இல் வரைவுப் பட்டியல் வந்தபோது தமிழ்நாட்டில் 97 லட்சத்துக்கு மேல் பெயர்கள் இல்லை. அதில் ஏறக்குறைய 66 லட்சம் 'இடம் மாறியவர்கள்'. இறந்தவர்களை எடுக்கத்தான் வேண்டும், இரட்டைப் பதிவையும் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் வீட்டு ஓனர் வாடகையை ஏற்றினால் அடுத்த தெருவுக்குப் போகிற ஊரில், காலையில் எட்டரைக்குப் போய் ராத்திரி வருகிற ஆளைத் தேடி அலுவலர் பகலில் வந்தால் என்ன எழுதுவார்? எங்கள் மூன்று பேர் பெயரும் வந்துவிட்டது. எதிர் லைன் வீட்டில் இரண்டு பேருக்கு வரவில்லை, படிவம் 6 நிரப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

கேள்விக்குத் திரும்புகிறேன். எவ்வளவு யோசிக்கிறேன் என்றால், தினமும். விவாத நிகழ்ச்சிகள் பார்ப்பதில்லை. வர்த்தக அமைச்சகம் என்ன சொன்னது, நூல் விலை என்ன, பங்களாதேஷில் என்ன நிலைமை என்று பார்ப்பேன். 2024 ஆகஸ்டில் அங்கே ஆட்சி கவிழ்ந்தபோது எங்களுக்கு விசாரணை மெயில்கள் கூடின. அடுத்தவன் வீடு எரியும்போது நமக்கு ஆர்டர் வருகிறதே என்று சங்கடமாகத்தான் இருந்தது, சாம்பிளும் அனுப்பினேன்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. நாளுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்தது. 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலிதான். இங்கே பெரும்பாலான இடங்களில் ஒன்றரை ஷிப்ட் என்றால் ஒன்றரைச் சம்பளம், அவ்வளவுதான். அதாவது டிரம்ப் பறித்ததாக நாங்கள் அழுகிற அந்த அரை ஷிப்டே முழுசாக வந்து சேராத அரை ஷிப்ட்.

திருத்தப் படிவம் சம்பந்தமாக ஒரு கட்சியின் பூத் முகவர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், தெரிந்தவர்தான். உட்கார வைத்து இதைக் கேட்டேன். 'தம்பி, அதெல்லாம் சென்ட்ரல் கவர்மென்ட் சட்டம், நாம என்ன பண்ண முடியும்?' என்றார். தொழிலாளர் விஷயம் பொதுப் பட்டியலில் இருக்கிறது, கம்பெனிக்குள் வந்து பார்க்க வேண்டிய ஆய்வாளர் மாநில அரசின் ஆள்தானே அண்ணா என்றேன். அவர் கையில் இருந்த பட்டியலைப் புரட்டிக்கொண்டே, 'அதை அப்புறம் பேசிக்கலாம், அம்மா பேர் எந்தப் பாகத்துல வருதுன்னு பாத்துட்டீங்களா?' என்று கேட்டார்.